வாய் கொப்பளிக்கும் பானை

பெருநாள் பிறை தெரிவதற்குள் ஓர் ஆளைப் பழக்கித் தன் இடத்தில் நிறுத்தினால் சின்னசாமி பேரணாம்பட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் ஆம்பூரிலேயே கிடக்க வேண்டியதுதான். முதலாளி மக்பூல் அகமது சொன்னது இவ்வளவுதான். நோன்பு மூன்றாம் நாள், பிற்பகல் அசர் தொழுகை முடித்து வந்து ஆவாரம்பட்டைக் கொட்டகை நிழலில் நின்று சொன்னார். நோன்பு மாதத்தில் அவர் ஒரு பேச்சை இரண்டு தரம் சொல்வதில்லை.

ஜெர்மன் சண்டை முடிந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. தோலுக்கு மறுபடி கிராக்கி வந்து பேரணாம்பட்டில் தோல் பதனிடப் புதிதாக ஒரு தோல்ஷாப்பு எழும்பியிருந்தது. அங்கே மேஸ்திரியாக வரச் சொல்லிச் சின்னசாமிக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். மேட்டில் ஓடு போட்ட வீடு ஒன்றும் தருவதாகப் பேச்சு. அந்த முதலாளி மக்பூல் அகமதுவுக்குச் சம்பந்தி. இவர் ‘போ’ என்று சொல்லாமல் அவர் சேர்த்துக்கொள்ள மாட்டார். பெருநாளுக்கு மறுநாள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கண்டிப்பாகவும் சொல்லிவிட்டார். ஆம்பூரில் சின்னசாமியின் குடிசை ஷாப்பின் கழிவுக் கால்வாயை ஒட்டி இருந்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் மிதித்து மிதித்து அவன் நாலு வயது மகளுக்கு இரண்டு பாதமும் வெந்து, புண்ணாகி, ஆறாமல் கிடந்தது. பேரணாம்பட்டு என்றால் சின்னசாமிக்கு அந்தப் பாதங்கள்தான் நினைவில் வரும்.

அவன் செய்த வேலையைச் சொல்லிவிட வேண்டும். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில்தான் தோல் பதமாகிறது. முதல் தொட்டியில் தண்ணீர் இளசாக இருக்க வேண்டும், அடுத்தடுத்த தொட்டிகளில் கடுமை ஏற வேண்டும். பச்சைத் தோலை எடுத்த எடுப்பில் கடுந்தண்ணீரில் போட்டால் மேற்புறம் இறுகிச் சுருங்கிவிடும். உள்ளே பச்சையாகவே நின்று கெட்டுப்போகும். தண்ணீர் இளசா கடுசா என்று சொல்ல அந்த ஷாப்பில் எந்தக் கருவியும் கிடையாது. விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் மாறி மாறி ஊறிய தண்ணீர் அது. மற்ற மாதங்களில் சின்னசாமி சொன்னதை முதலாளியும் ஒரு தரம் வைத்துச் சரிபார்ப்பார். நோன்பு மாதத்தில் பகலில் அவர் வாயிலும் சரி, ஷாப்பில் பாதிப்பேர் வாயிலும் சரி, ஒரு சொட்டு படக்கூடாது. அந்த ஒரு மாதம் மொத்த ஷாப்பும் சின்னசாமியின் நாக்கை நம்பி ஓடியது.

“தோல் அலசுற ராமலிங்கத்தப் பழக்கறேன் முதலாளி” என்றான் சின்னசாமி.

“ராமலிங்கம் நாக்க கள்ளுக்கடையில குடுத்துட்டான். அவனுக்குப் பச்சத் தண்ணியும் பட்டத் தண்ணியும் ஒண்ணு.”

“அப்ப யாரு?”

“பட்டை நிறுக்குறானே, கோதண்டபாணி. ஒடிச்சு மோந்து பார்த்தே எந்தப் பக்கத்துப் பட்டைன்னு சொல்றான். அவன நிறுத்து.”

சின்னசாமி தலையை ஆட்டிவிட்டு வந்தான். உலகத்தில் இவ்வளவு பேர் இருக்க, இவனா?

கோதண்டபாணியை அவனுக்கு இருபது வருஷமாகத் தெரியும். கணியம்பாடிப் பக்கம் அவருடைய நிலத்துக் கிணற்றைப் பாறை உடைத்துத் தோண்டியவர்களில் சின்னசாமியின் அப்பனும் ஒருவன். தோண்டி முடித்துத் தண்ணீர் ஊறிய பிறகு அதில் அவன் கை படக்கூடாது. தாகமென்றால் தள்ளி நின்று குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொள்ள வேண்டும். யாராவது மேலே இருந்து ஊற்றுவார்கள். ஒரு சித்திரை மத்தியானம் ஊற்ற ஆளில்லை. அப்பன் தன் மண்பானையில் கயிறு கட்டித் தானே இறைத்துவிட்டான். கோதண்டபாணி வந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பானையைக் காலால் உதைத்தார். “ஒரு ஓடு வுடாம பொறுக்கிகினு போடா” என்றார். “சரிங்க ஆண்டே, சரிங்க ஆண்டே” என்று சொல்லிக்கொண்டே அப்பன் பொறுக்கினான். பத்து வயதுச் சின்னசாமியும் கூடப் பொறுக்கினான். அடுத்த மாதம் குடும்பம் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆம்பூருக்கு நடந்து வந்துவிட்டது.

இப்போது மூன்று வருஷம் மழை பொய்த்து அந்தக் கிணறும் வறண்டு, உழவு மாடு கோமாரியில் போய், கோதண்டபாணியும் அதே ஆம்பூருக்கு வந்து பட்டை நிறுத்துக்கொண்டிருந்தார். ஊரில் மண்டிக் கணக்கு எழுதுவதாகச் சொல்லிவைத்திருந்தாராம். சின்னசாமியை அவர் அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. எத்தனை பானை உடைத்தாரோ, ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்குமா என்ன.

மறுநாள் காலையில் தோளில் துண்டும் கையில் மூடி போட்ட பித்தளைச் செம்புமாக வந்தார். செம்பைப் பட்டைக் கொட்டகை மூலையில், யார் கையும் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு தொட்டிக் கரைக்கு வந்தார்.

“வெரல வுட்டு நாக்குல வெச்சுப் பாரு” என்றான் சின்னசாமி.

கோதண்டபாணியின் காதுமடல் சிவந்தது. “எல்லாரையும் இப்பிடித்தான் பேசுவியா?”

“கத்துக்க வந்தவன்கிட்ட எப்பிடிப் பேசுவாங்களோ அப்பிடி.”

“உன்னவிட எனக்குப் பதினஞ்சு வயசு ஜாஸ்தி.”

“அது தொட்டிக்குத் தெரியாது. வெச்சுப் பாரு.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். விரலை விட்டார், வாயில் வைத்தார். முகத்தைச் சுளித்து “துவர்க்குது” என்றார்.

“எவ்ளோ?”

“எவ்ளோன்னா? துவர்க்குது, அவ்ளோதான்.”

“சரி” என்று சின்னசாமி அடுத்த தொட்டிக்குப் போய்விட்டான்.

சின்னசாமிக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அப்துல் சமத் என்கிற பெரிய மேஸ்திரி. காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அவர் கோபக்காரர், மண்டையில் குட்டுவார், ஆனால் எதையும் பாதியில் விடமாட்டார். நாக்கில் எந்த இடத்தில் வைப்பது, எத்தனை மூச்சு பொறுப்பது, எந்த வருஷப் பட்டை எப்படி என்று முழுசாகச் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் தண்ணீரை வாயில் வைத்துச் சின்னசாமி குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தபோது, திட்டிக்கொண்டே வாய் கொப்பளிக்கும் பானையை எடுத்துக் கையில் கொடுத்தார். அந்தப் பானை இன்றைக்கும் வேப்பமரத்தடியில் இருந்தது. சமத் பாய் சொன்னதில் கால்வாசிகூடச் சின்னசாமி கோதண்டபாணிக்குச் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

இரண்டாம் நாளே அவன் ஒன்றைக் கவனித்தான். பட்டைத் தண்ணீர் வாயில் பட்டால் நாக்கு மரத்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எப்பேர்ப்பட்டவனும் கொப்பளிக்கப் பானையிடம் ஓடுவான். கோதண்டபாணி பானையிடமும் போகவில்லை, தன் செம்பிடமும் போகவில்லை. சின்னசாமி அவர் கையையே பார்த்தான். மனுஷர் ஆள்காட்டி விரலைத் தொட்டியில் முக்கினார், நடுவிரலை வாயில் வைத்தார். மருந்து குடிக்காமல் ஏமாற்றுகிற பிள்ளைகளின் வேலை. பிறகு தண்ணீரின் நிறத்தைப் பார்த்து எதையோ சொன்னார். நிறத்தை வைத்தே பாதி நாள் சரியாகவும் சொல்லிவிட்டார்.

சின்னசாமிக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. விழட்டும் என்று விட்டுவிட்டான். எட்டு நாள் அப்படியே போயிற்று.

ஒன்பதாம் நாள் கணியம்பாடிப் பக்கத்திலிருந்து இரண்டு வண்டிப் பட்டை வந்து ஊறப்போட்டார்கள். மழையில்லாத வருஷத்துப் பட்டை. அதில் நிறம் வெளுத்து இறங்கும், கடுமையோ இரண்டு பங்கு இருக்கும். சின்னசாமிக்கு அது நன்றாகத் தெரியும். அன்றைக்குப் பார்த்து முதலாளி ஒரு கடுதாசியைக் கொடுத்து, பேரணாம்பட்டுக்குப் போய் வீட்டையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

“நாளைக்கு மொதத் தொட்டித் தண்ணிய நீயே பார்த்துத் தோல எறக்கு” என்று கோதண்டபாணியிடம் சொன்னான். புதுப்பட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பேரணாம்பட்டில் வீடு சொன்னபடியே மேட்டில் இருந்தது. முன்னால் கெட்டியான செம்மண் தரை. சின்னசாமி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அதில் நடந்து பார்த்தான். மறுநாள் பொழுது சாய ஆம்பூருக்குத் திரும்பியபோது முதலாளி தொட்டிக் கரையில் நின்றிருந்தார். தரையில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டுத்தோல்கள் சுருண்டு, மேற்புறமெல்லாம் கிழவன் கன்னம் மாதிரி சுருக்கம் விழுந்து கிடந்தன. கோதண்டபாணி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

“தண்ணி வெளுப்பா இருந்துச்சு” என்றார் அவர். “எங்க பக்கத்துச் செடிதான், எனக்குத் தெரியாதா? மழையே இல்லாத பூமியில செடிக்கு இன்னா சத்து இருக்கும்? காட்டம் பத்தாதுன்னு இன்னும் ஒரு கூடை பட்டை போட்டேன்.”

உழவனுக்கு அது நியாயமான கணக்குதான். தோலுக்கு அந்தக் கணக்கு உதவாது.

முதலாளி சின்னசாமியைப் பார்த்தார். நோன்பில் அவர் உதடு வறண்டு வெடித்திருந்தது. “இந்தப் பட்டை கடுமை ஜாஸ்தின்னு சொன்னியா?”

“இல்ல.”

“இவன் வாயில வெக்கிறானா, பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“வெக்கிறானா?”

சின்னசாமி குனிந்து சுருண்ட தோல் ஒன்றைக் கையில் எடுத்தான்.

“தோலக் கெடுத்தது இவன். இவனக் கெடுத்தது நீ” என்றார் மக்பூல் அகமது. “பிறைக்கு இன்னும் பதினாறு நாள் இருக்குது. அதுக்குள்ள இவன நிறுத்து. இல்லன்னா மூட்டையப் பிரிச்சு வெக்கச் சொல்லு, உன் பொஞ்சாதிகிட்ட.”

குடிசையில் மனைவி ஜெயம்மாள் களியை உருட்டி வைத்து, மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். மகள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் வேப்பெண்ணெய் தடவியிருந்ததால் காலைத் தரையில் படாமல் தூக்கி வைத்திருந்தாள். சின்னசாமி களியைத் தொடாமல் நடந்ததைச் சொன்னான்.

“அப்ப அந்தாளு நாக்குல வெக்கலன்னு உனக்குத் தெரியும்” என்றாள் ஜெயம்மாள்.

“தெரியும்.”

“எத்தினி நாளா?”

“ரெண்டாம் நாள்லேர்ந்து.”

“அம்மாம் நாளு வேடிக்க பார்த்துகினு இருந்திருக்கே.”

“எங்கப்பன் பானைய ஒடைச்சவன் அவன்.”

“ஒடைச்சான். உங்கப்பனும் போய்ட்டாரு. இதோ இவ காலு வெந்து கெடக்குதே, இதுக்கு யாரப் போய்க் கேக்கறது?”

“ஜெயா, வாய மூடு.”

“மூட மாட்டேன். அந்தாள வுழ வைக்கணும்னு பார்த்தே. அவன் வுழல. பட்டை நிறுக்கப் போய்டுவான். கால்வாய்ல நிக்கிறது நாங்கதான்.”

“அதுக்குன்னு அவனுக்கு நான் தொழில் குடுக்கணுமா? எங்கப்பன் தோண்டுன கெணத்துல எங்கப்பனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காதவனுக்கு?”

ஜெயம்மாள் கரண்டியைச் சட்டியில் போட்டாள். “அவன் மேல பாசமா இருன்னு உன்ன யாரு கேட்டா? வெறுத்துகினே சொல்லிக் குடுய்யா. அவன் மூஞ்சில காறித் துப்பிகினேகூட சொல்லிக் குடு. ஆனா பாதியா குடுக்காத. பாதி கத்துகினவன நம்பி இந்த எடத்த வுட்டுட்டு எப்பிடிப் போவ?”

ஆறிப்போன களியை விழுங்கினான். அவள் சொன்னது சரி என்பதே அவனுக்கு ஆத்திரமாக இருந்தது.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே கோதண்டபாணி வந்துவிட்டார். செம்பு வழக்கம்போல மூலைக்குப் போயிற்று.

“ஆள்காட்டி வெரல முக்குறே, நடுவெரல சப்புறே” என்றான் சின்னசாமி.

கோதண்டபாணி துண்டை மூக்கிலிருந்து இறக்கினார். “எப்பலேர்ந்து தெரியும்?”

“ரெண்டாம் நாளே. இத வாயில வெச்சவன் தண்ணிக்கு ஓடாம இருக்க மாட்டான். நீ ஓடல.”

“தெரிஞ்சும் சும்மா இருந்தே.”

“இருந்தேன்.”

“பானைக்காக” என்றார் கோதண்டபாணி.

சின்னசாமி சட்டென்று அவர் பக்கம் திரும்பினான்.

“மொத நாளே கண்டுகினேன். உங்கப்பன் மூஞ்சி அப்பிடியே உரிச்சு வெச்சிருக்குது உனக்கு.”

“அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?”

“இன்னா சொல்லச் சொல்றே? கெணத்துல பானைய வுட்டான், ஒதைச்சேன். அன்னிக்கு அது சரின்னுதான் பட்டுச்சு. எங்கப்பனும் அப்பிடித்தான் செஞ்சிருப்பாரு. இன்னிக்கு உன் கால்ல வுழுன்னு சொன்னா எனக்கு வராது. இந்த எடத்த எனக்குப் புடிக்கல, உன்னையும் புடிக்கல. வீட்ல நாலு வயிறு கீது. வேலையச் சொல்லு.”

சின்னசாமியின் கை மடங்கியது. ஓர் அடி அடித்தால் மனுஷர் தொட்டிக்குள் விழுவார், யாரும் கேட்கப்போவதுமில்லை. அவன் அந்தக் கையால் தொட்டித் தண்ணீரைக் கலக்கினான்.

“கேட்டுக்கோ, ஒரு தரம்தான் சொல்வேன். மழையில்லாத வருஷத்துல செடி காய்ஞ்சி வெறச்சிப் போயிருக்கும். அந்தப் பட்டைதான் கடுமை. நெறத்த நம்பாத. நெறம் உன்ன ஏமாத்தும். நாக்கு நுனில வெக்காத, நடு நாக்குல வை. மூணு மூச்சு பொறு. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கினு வர மாட்டேன்னா அது கடுசு, பச்சத் தோலுக்கு ஆகாது. வழவழன்னு உடனே போய்ட்டா இளசு. புளிச்சா தண்ணி கெட்டுப்போச்சு, எறைச்சுக் கொட்டிடு. இப்ப வை. ஒரே வெரலு. முக்குன வெரலு.”

கோதண்டபாணி தொட்டியைப் பார்த்தார். நுரையில் ஆட்டு மயிர் மிதந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டார், அதே விரலை வாயில் வைத்தார். ஒரு மூச்சு. இரண்டு. மூன்றாவதற்கு முன்பே உடம்பு முறுக்கிக்கொண்டது. தொட்டிக் கரையில் மண்டியிட்டுக் காலையில் குடித்த கூழையெல்லாம் வெளியே கொண்டுவந்தார். செம்பு தூரத்தில் கொட்டகை மூலையில் இருந்தது. எழுந்து இரண்டு அடி வைத்தார், வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாய் இறுகிப் பேச்சு வரவில்லை. பானையைக் காட்டினார்.

சின்னசாமி பானையை எடுத்தான். கோதண்டபாணி குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார். அவருக்கு அது யாருடைய குனிவு என்று அந்த நிமிஷம் தெரிந்திருக்க நியாயமில்லை. சின்னசாமிக்குத் தெரிந்தது. பானையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, மேலே இருந்து ஊற்றினான். கிணற்றங்கரையில் அப்பனுக்கு எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினார்களோ, அதே உயரம். தண்ணீர் அவர் முழங்கையில் வழிந்து வேட்டியை நனைத்தது. இருபது வருஷமாகக் கனவில் கண்ட காட்சி. ஆனால் சின்னசாமிக்கு அதில் எந்தச் சந்தோஷமும் கிடைக்கவில்லை. குனிந்திருந்த அந்தப் பிடரியைப் பார்க்கப் பார்க்க அப்பன் ஞாபகம்தான் வந்தது.

கொப்பளித்துத் துப்பிவிட்டுக் கோதண்டபாணி நிமிர்ந்தார். “ஒட்டிக்கிச்சு. கடுசு. பாதிய எறைச்சுட்டுப் பழைய தண்ணி ஊத்தி இளசாக்கணும்.”

“ஊத்து” என்றான் சின்னசாமி.

அன்று முதல் அவர் மூக்கைப் பொத்தவில்லை. ஐந்து நாள் வாந்தி, பிறகு குமட்டல், பிறகு அதுவும் நின்றது. இரண்டு பேருக்கும் இடையில் வேலையைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. வேலையைப் பற்றிய வார்த்தைகளும் கடித்துத் துப்புகிறாற்போலத்தான் இருந்தன. “மடையா, பொறு” என்பான் சின்னசாமி. “பொறுத்துகினுதான் இருக்கேன், கத்தாத” என்பார் அவர். சின்னசாமி ஒன்றையும் ஒளிக்கவில்லை. சமத் பாய் சொன்னது அத்தனையையும், சமத் பாய் சொல்லாமல் தானே பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொன்னான். கோதண்டபாணியின் நாக்கு நன்றாகவே பழகிற்று. கடைசி வாரத்தில் ஒரு தொட்டி புளிக்கத் தொடங்கியதைச் சின்னசாமிக்கு முன்னால் அவர்தான் கண்டுபிடித்தார். சின்னசாமி இரண்டு தரம் வைத்துப் பார்த்துவிட்டு, “ஆமா” என்றான். அதைச் சொல்ல அவனுக்குத் தொண்டை வரைக்கும் கசந்தது.

பிறை பார்த்த அன்று மாலை, நோன்பு திறந்த கையோடு முதலாளி தொட்டிக்கு வந்தார். கோதண்டபாணி பதம் பார்த்த தண்ணீரில் தாமே விரலை விட்டு வாயில் வைத்தார். தோல் ஒன்றை எடுத்து மடித்துப் பார்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“போய்ட்டு வா சின்னசாமி” என்றார்.

பெருநாள் கழித்து விடிந்ததும் மாட்டுவண்டியில் சாமான் ஏற்றினார்கள். ஜெயம்மாள் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வேப்பமரத்தடிப் பானை சமத் பாய் தந்தது என்று அதையும் எடுத்துவரச் சின்னசாமி ஷாப்புக்குள் போனான். அங்கே பழைய பானைக்குப் பக்கத்தில் புதுப்பானை ஒன்று இருந்தது. குயவர் வீட்டுச் சாம்பல்கூட இன்னும் துடைக்கவில்லை. கோதண்டபாணி நின்றிருந்தார்.

“எடுத்துகினு போ” என்றார், முகத்தைப் பார்க்காமல். “அன்னிக்கு ஒதைச்ச பானைக்கு.”

சின்னசாமி புதுப்பானையைப் பார்த்தான். சுண்டினால் கணீரென்று கேட்கும் போல, நல்ல பானைதான். “எங்கப்பன் செத்து ஆறு வருஷம் ஆச்சு” என்றான். “தண்ணி ரொப்பி இங்கியே வை. நாளைக்கு நீ ஒருத்தனுக்குக் கத்துக் குடுப்பே. அவனும் வாந்தியெடுப்பான்.”

“சரி.”

“பானைய அவன் கையில குடு. மேல இருந்து ஊத்தாத.”

கோதண்டபாணிக்குச் சுருக்கென்றது. “எனக்கு நீ மேல இருந்துதானே ஊத்துனே?”

“ஊத்துனேன்” என்றான் சின்னசாமி. “கையில குடுக்க எனக்குக் கத்துக் குடுத்தது சமத் பாய். மேல இருந்து ஊத்தக் கத்துக் குடுத்தது நீ.”

பழைய பானையைத் தூக்கிக்கொண்டு அவன் வண்டிக்கு நடந்தான். கோதண்டபாணி புதுப்பானையை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.